30 வருடக் கடன், 34 மைல் தூரம்: பெட்ரோலை நம்பிய புறநகர் வாழ்க்கை தாங்குமா?

வேலியோரம் எழுதியது:

வணக்கம். அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கலாமா என்று நானும் மனைவியும் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வீடு பிடித்துப்போய்விட்டது. நான்கு படுக்கையறை, பின்னால் புல்வெளி. முட்டுச்சந்தின் கடைசி வீடு என்பதால் வண்டிச் சத்தமே கிடையாது. அலுவலகம் 34 மைல். மகளின் பள்ளி 6 மைல். மருந்துக்கடை விஷயம்தான் வேடிக்கை. பின்பக்க மதிலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, பெயர்ப்பலகையை மாடி ஜன்னலில் இருந்தே படிக்கலாம். ஆனால் மதிலில் வழி இல்லை. தெருவெல்லாம் சுற்றிப் பெரிய சாலைக்குப் போய்த் திரும்பி வந்தால் 2 மைல்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் ஐந்து நாள் அலுவலகம் என்றால் எனக்கு மட்டும் 340 மைல். மனைவிக்கு வேலை எதிர்த்திசையில். ஆக இரண்டு கார், இரண்டும் தினமும் ஓடியாகவேண்டும். ஒன்று படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும்.

கடன் 30 வருடம். இந்த ஏற்பாடு இன்னும் 30 வருடம் தாங்குமா? எண்ணெய் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்துபவர்களையும் கேட்டாயிற்று, எல்லாவற்றையும் மின்கார் பார்த்துக்கொள்ளும் என்பவர்களையும் கேட்டாயிற்று. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன் எழுதியது:

மதில் ஏறப் பழகுங்கள். ஜிம் செலவும் மிச்சம்.

எண்ணெய்க்கிணறு எழுதியது:

22 வருடம் எண்ணெய் வயல்களில் வேலை பார்த்தவன் நான். அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எண்ணெய் தீரப்போகிறது" என்பதை வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்கிறேன். ஷெல் நிறுவனத்தில் இருந்த புவியியலாளர் கிங் ஹப்பர்ட், அமெரிக்க உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று 1956-ல் சொன்னார். 1970-ல் நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாய் வரை போய், சொன்னபடியே இறங்கவும் செய்தது. 2008-ல் அது 50 லட்சம். மனிதர் ஜெயித்துவிட்டார் என்றுதான் எங்கள் துறையிலேயே பலர் நினைத்தார்கள். அப்புறம் கிடைமட்டமாகத் துளைபோடும் நுட்பமும், எண்ணெயை உள்ளே பிடித்துவைத்திருக்கும் ஷேல் பாறையை நீரழுத்தத்தால் உடைக்கும் நுட்பமும் ஒன்றுசேர்ந்தன. 2023-ல் நாளுக்குக் கிட்டத்தட்ட 1 கோடியே 29 லட்சம் பீப்பாய். ஹப்பர்ட் தன் கணக்கில் சேர்க்காத பாறை அது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை. பழைய மாதிரிக் கிணறு நல்ல பசு மாதிரி, வருடக்கணக்கில் கறக்கும். ஷேல் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். உற்பத்தி இறங்காமல் இருக்கவே புதிது புதிதாகத் தோண்டவேண்டும், தோண்ட வேண்டுமென்றால் விலை கட்டவேண்டும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே 37 டாலர் போனது ஞாபகம் இருக்கிறதா? பீப்பாயை எடுத்துக்கொண்டு போனால் பணமும் தருகிறேன் என்கிற நிலை. என்னோடு இருந்தவர்கள் பலருக்கு அந்த வருடம்தான் வேலை போனது. இரண்டே வருடத்தில், 2022 ஜூனில், பம்பில் பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது.

அதனால் என் பதில்: 30 வருடம் எண்ணெய் இருக்கும். என்ன விலைக்கு என்று மட்டும் யாரும் எழுதித்தர மாட்டார்கள்.

நடைராணி எழுதியது:

> எண்ணெய்க்கிணறு சொன்னது: 30 வருடம் எண்ணெய் இருக்கும்.

அண்ணா, 1973-லும் இருந்ததே! அந்த அக்டோபரில் அரபு நாடுகள் ஏற்றுமதியை நிறுத்தியபோது பூமிக்கு அடியில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் பீப்பாய் 3 டாலரில் இருந்து சில மாதத்தில் 12 டாலரை நெருங்கியது. பம்புகளில் வரிசை. சில மாநிலங்களில் ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். நெடுஞ்சாலையில் 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டம்.

1979-ல் ஈரான் புரட்சியை ஒட்டி மறுபடியும் அதே வரிசை. அந்த ஜூன் மாதம் பெட்ரோலுக்காகக் கலவரம் வெடித்தது எந்த ஊரில் தெரியுமா? லெவிட்டவுனில். அமெரிக்கப் புறநகர் என்றாலே பாடப்புத்தகத்தில் படம் போடுவார்களே, அந்த லெவிட்டவுன். லாரிக்காரர்கள் போராட்டமாக ஆரம்பித்து, இரண்டு இரவு நாற்சந்தியில் காரையும் டயரையும் கொளுத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் பரம ஏழைகளும் கிடையாது. நடந்து போக வேறு வழியில்லாத ஊரில் பம்பை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பழைய பேருந்து எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம், அம்மா. பாடப்புத்தகப் படம் பெரும்பாலும் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் 1947-ல் கட்டத் தொடங்கிய முதல் லெவிட்டவுன். கலவரம் நடந்தது அதே நிறுவனம் 1950-களில் பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது ஊரில். நீங்கள் சொல்லவந்ததை அது மாற்றாது.

நான் போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எண்ணெய்தான் புறநகரைப் பெற்றெடுத்தது என்று எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பெட்ரோல் கார் பரவுவதற்கு முன்பே புறநகர் பிறந்துவிட்டது. 1888-ல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் ரிச்மண்டில் மின்சார டிராமை ஒழுங்காக ஓட்டிக்காட்டினார். அடுத்த முப்பது வருடத்தில் பெரிய நகரங்களைச் சுற்றியெல்லாம் டிராம் புறநகர்கள் முளைத்துவிட்டன. இன்று காருக்குப் பெயர்போன லாஸ் ஏஞ்சலஸில் பசிபிக் எலக்ட்ரிக் கம்பெனிக்கு 1,000 மைலுக்கு மேல் தண்டவாளம் இருந்தது. அதை வளர்த்த ஹென்றி ஹன்டிங்டனுக்கு லாபம் டிக்கெட்டில் இல்லை, தண்டவாளத்தை ஒட்டிய மனைகளில்தான் இருந்தது. கடைசித் தடம் 1961-ல் நின்றது.

அந்தப் புறநகரிலும் தனி வீடு, தோட்டம், மரம் எல்லாம் உண்டு. ஆனால் நிறுத்தத்தில் இறங்கி நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். அதனால் மனை குறுகல், தெரு நேர், கடை நிறுத்தத்தின் பக்கத்தில். இன்றும் அந்த இடங்களில் ஒரு கார் போதும் என்று வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் விதிகள் மாறின. 1926-ல் ஒஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்கிற சின்ன ஊரின் வழக்கில், வீட்டுக்கு ஒரு மண்டலம் தொழிலுக்கும் கடைக்கும் வேறு மண்டலம் என்று ஊர்கள் பிரித்துக்கொள்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1934-ல் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வந்து கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்தது. அது வெளியிட்ட கையேடுகளே வளைந்த தெருவையும் முட்டுச்சந்தையும் சிபாரிசு செய்தன. கறுப்பர்கள் இருந்த பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டதும் அதே நிர்வாகத்தால்தான், அதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் பேசமுடியாது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்கடன். 1956-ல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு 90 சதவீதம் மத்திய அரசின் பணம். இத்தனையும் நடந்தபோது எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, அதனால் யாரும் தூரத்தை எண்ணவில்லை.

வேலியோரம், நீங்கள் காரைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் உங்கள் மதிலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கார் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாறிவிடும்.

மின்னல்வண்டி எழுதியது:

ஐயா, வரலாறு அருமை. ஆனால் கேள்வி எண்ணெய் பற்றியது, அதற்கு விடை ஏற்கனவே விற்பனையில் இருக்கிறது.

வருடம் 12,000 மைல் ஓடும் சாதாரணக் கார், கேலனுக்கு 30 மைல் கொடுத்தால் 400 கேலன் குடிக்கும். அதே தூரத்துக்கு மின்காருக்கு 3,600 யூனிட் மின்சாரம் போதும். சராசரி அமெரிக்க வீடு வருடத்துக்குச் சுமார் 10,500 யூனிட் செலவழிக்கிறது. வெயில் உள்ள இடத்தில் 7 கிலோவாட் சூரியத்தகடு 9,000 யூனிட்டாவது தரும். அதாவது இரண்டு காரின் எரிபொருளும் சொந்தக் கூரையில் இருந்தே வந்துவிடும். எந்த ஷேக்கும் நிறுத்தமுடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வசதி யாருக்குக் கிடைக்கிறது? கூரையும் கராஜும் உள்ள புறநகர்க்காரருக்கு. நகரத்துக்குள் நாலாவது மாடியில் குடியிருந்துகொண்டு தெருவில் வண்டி நிறுத்துபவர் எங்கே போய்ச் சொருகுவார்? எண்ணெய் போய்விட்டால் புறநகர்தான் முதலில் சாகும் என்று இருபது வருடமாக ஆரூடம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதுதான் முதலில் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. நார்வேயைப் பாருங்கள். 2024-ல் விற்ற புதுக்கார்களில் 10-ல் கிட்டத்தட்ட 9 மின்கார்.

எண்ணெய்க்கிணறு எழுதியது:

விற்ற புதுக்கார்களில், தம்பி. தெருவில் ஓடுகிறவற்றில் இல்லை. அதே நார்வேயில் மின்கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டியதே 2024 செப்டம்பரில்தான். டீசல் கார் அப்போதும் முன்னால் நின்றது. அமெரிக்காவில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 வருடத்துக்கு மேல். இன்று விற்கிற பெட்ரோல் பிக்கப் 2040-ல் யாரோ ஒருவரின் மூன்றாம் கை வண்டியாக ஓடிக்கொண்டிருக்கும். அவர்தான் நகர எல்லையில் மலிவான வீட்டில் இருப்பார்.

இன்னொன்று: 42 கேலன் பீப்பாயைக் காய்ச்சினால் 19, 20 கேலன்தான் பெட்ரோல். மீதி டீசல், விமான எரிபொருள், கடைசியில் அடியில் தங்கும் தார். உங்கள் மின்கார் ஓடுகிற சாலையே என் பீப்பாயின் அடிவண்டல்தான். டயரிலும் பாதிக்கு என் உறவினர்கள் இருக்கிறார்கள்.

கணக்கர் எழுதியது:

தார் என்று எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. உள்ளாட்சி வரவுசெலவு பார்ப்பதுதான் என் வேலை. இந்த இழையில் இதுவரை எரிபொருளைப் பற்றி மட்டுமே சண்டை நடக்கிறது. பெட்ரோல் நாளைக்கே இலவசமாகக் கிடைத்தாலும் எனக்குத் தூக்கம் வராது, ஏன் என்று சொல்கிறேன்.

மனையின் முகப்பு 100 அடி என்று வையுங்கள். தெருவின் இரு பக்கமும் வீடு இருப்பதால் ஒரு வீட்டின் பங்குக்கு 50 அடி சாலை. அந்தச் சாலைக்கு அடியில் 50 அடி குடிநீர்க் குழாய், 50 அடி கழிவுநீர்க் குழாய், பக்கத்தில் மழைநீர் வடிகால், தெருவிளக்கு. பழைய டிராம் புறநகரில் 30 அடி முகப்பு இருந்தால் பங்கு 15 அடி. வரி இரண்டு வீட்டுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், மூன்று மடங்கு வித்தியாசம் வராது. உடைந்த குழாய்க்கு வீட்டின் விலையெல்லாம் தெரியாது, அடிக்கணக்குதான் தெரியும்.

இதெல்லாம் முதல் இருபது வருடம் கண்ணில் படாது. மனை போட்டு விற்கும் நிறுவனமே சாலையும் குழாயும் போட்டு ஊரிடம் ஒப்படைத்துவிடும். ஊருக்கு இலவசச் சாலை, புது வரி, எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு தார் பெயரும். சாலைக்கு 15, 20 வருடத்தில் புதுத்தளம் வேண்டும். அதற்குள் அந்த வரியைப் புது தீயணைப்பு நிலையத்துக்குச் செலவழித்திருப்பார்கள். என்ன செய்வார்கள்? இன்னும் வெளியே ஒரு புது மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்து, அதில் வரும் கட்டணத்தை வைத்துப் பழைய சாலையைப் போடுவார்கள். சீட்டுப் பிடித்தவர் புது ஆள் சேர்த்துப் பழைய ஆளுக்குப் பணம் கொடுப்பது மாதிரி.

லூசியானா மாநிலத்து லஃபாயெட் நகரத்துக் கணக்கு எங்கள் வட்டாரத்தில் பிரபலம். 1949-ல் தலைக்கு 5 அடி குடிநீர்க் குழாய். 2015-ல் தலைக்கு 50 அடி. மனிதர்களுக்குத் தாகம் பத்து மடங்கு கூடிவிடவில்லை, வீட்டுக்கு வீடு தள்ளிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

மின்கார் இதில் எங்கே வருகிறது என்றால், மத்திய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993-க்குப் பிறகு ஒரு பைசா ஏறவில்லை. நெடுஞ்சாலை நிதிக்கு முக்கிய வருமானமே எரிபொருள் வரிதான். மின்னல்வண்டி அந்த வரியைக் கட்டுவதில்லை. பல மாநிலங்கள் மின்காருக்குத் தனியாக வருடக் கட்டணம் போட ஆரம்பித்திருப்பது இதனால்தான். குற்றம் சொல்லவில்லை. எண்ணெயை விட்டு விலகும்போது சாலைக்கணக்கில் முதலில் ஓட்டை விழும், அதை யார் அடைப்பது என்பதை எந்த அரசியல்வாதியும் தேர்தல் மேடையில் பேசமாட்டார்.

வேலியோரத்துக்கு ஒரு யோசனை. அந்த மனைப்பிரிவின் தெருக்கள் ஊருக்குச் சொந்தமா, குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமா என்று விசாரியுங்கள். சங்கத்தினுடையது என்றால் மறுதளம் போடச் சேமிப்பு நிதி எவ்வளவு இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். புல்வெளியை அப்புறம் பார்க்கலாம்.

புல்வெளி நேசன் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல வீட்டைச் சுடுகாடு மாதிரி ஆக்கிவிட்டீர்கள்.

நான் அப்படிப்பட்ட இடத்தில்தான் 14 வருடமாக இருக்கிறேன். பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள். ராத்திரி நட்சத்திரம் தெரிகிறது. நகரத்துக்குள் இதே பணத்துக்கு இரண்டு அறையும், மேல்மாடிக்காரரின் காலடிச் சத்தமும் கிடைக்கும். இப்போது பலருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் அலுவலகம், அதையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணெய் விலைக்கு வருவோம். வேலியோரம் சொன்ன 340 மைல், கேலனுக்கு 30 மைல், வருடத்தில் 50 வாரம் என்று வைத்தால் ஏறக்குறைய 570 கேலன். பெட்ரோல் கேலனுக்கு ஒரு டாலர் ஏறினால் வருடத்துக்கு 570 டாலர் கூடுதல். மாதம் 50 டாலர்கூட ஆகவில்லை. வீட்டுக்கடன் வட்டி அரை சதவீதம் ஏறினால் இதைவிடக் கடிக்கும். இதற்காக யாராவது பிடித்த வீட்டை விடுவார்களா? மக்கள் முட்டாள்கள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள்.

வேலியோரம் எழுதியது:

உண்மையைச் சொன்னால் இந்தப் பதிவு என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. 570 டாலர் என்று பார்த்தால் நான் பயந்தது சின்ன விஷயம்தான்.

நடைராணி எழுதியது:

உங்களுக்குச் சின்ன விஷயம். சம்பளம் வரும், வண்டி ஓட்டவும் தெரியும்.

எனக்குப் பக்கப்பார்வை குறைவு, உரிமம் கிடைக்காது. கல்யாணமான புதிதில் இந்த மாதிரி ஒரு அழகான புறநகரில்தான் நான்கு வருடம் இருந்தோம். நட்சத்திரம் எனக்கும் தெரிந்தது. காலை 8 மணிக்குக் கணவர் போனால் மாலை 6 வரை நான் அந்த வீட்டை விட்டு எங்கும் போகமுடியாது. நடைபாதை எங்கள் தெருமுனையோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆறு தடச் சாலை, புல்லில் கால் வைத்துத்தான் நடக்கவேண்டும். ஒரு தடவை அப்படி நடந்துபோனபோது வண்டியை நிறுத்தி "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் அங்கே நடப்பதே பிரச்சினையின் அடையாளமாகிவிட்டது.

இந்த நாட்டில் சுமார் 34 கோடிப் பேர். உரிமம் உள்ளவர்கள் 23 கோடிக்குக் கொஞ்சம் மேல். மீதிப் பேர் குழந்தைகள், முதியவர்கள், என்னைப் போன்றவர்கள், வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள். எண்ணெய் 30 வருடம் தாங்குமா என்று கேட்கிறீர்கள். 30 வருடத்தில் உங்கள் கண் தாங்குமா?

அப்புறம், 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் போனபோது முதலில் அடி வாங்கியவர்கள் யார்? கடன் கிடைக்கும் தூரம் வரை காரை ஓட்டிக்கொண்டே போய் வீடு வாங்கியவர்கள்தான்.

கணக்கர் எழுதியது:

கடைசிப் பத்தியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், சகோதரி. எல்லைப் புறநகர்களில் வீடுகள் ஏலத்துக்குப் போனது உண்மை. ஆனால் அதன் ஆணிவேர் தகுதி பார்க்காமல் கொடுத்த கடன்கள். மாதக் கடைசியில் 20 டாலர்தான் மிச்சம் என்று இருந்த குடும்பத்தைப் பெட்ரோல் விலை தள்ளிவிட்டது, அந்த அளவுக்குச் சரி. மற்றதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

புல்வெளி நேசன் எழுதியது:

ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக எல்லோரும் தீப்பெட்டி மாடியில் அடைந்து கிடக்கவேண்டுமா?

இழைக்காவலர் எழுதியது:

இதற்குப் பிறகு வந்த நான்கு பதிவுகளை எடுத்துவிட்டேன். யாரும் யாரையும் மாடியில் அடைக்கச் சொல்லவில்லை. இழை திறந்தே இருக்கும், ஆளை விட்டு விஷயத்தைப் பேசுங்கள்.

பழைய பேருந்து எழுதியது:

புல்வெளி நேசன், உங்கள் கோபம் புரிகிறது. ஊரைக் காலி செய்யச் சொல்பவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. கட்டிய வீடு கட்டியதுதான், அதை இடித்து மறுபடி கட்டவும் ஏராளமான ஆற்றல் வேண்டும்.

தீப்பெட்டிக்கும் முட்டுச்சந்துக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அரைமணிக்கு ஒரு பஸ் விடவேண்டுமென்றால் ஏக்கருக்கு 7 வீடாவது இருக்கவேண்டும் என்பது எங்கள் துறையில் பல காலமாகச் சொல்லும் கணக்கு. கால் ஏக்கர் மனை என்றால் ஏக்கருக்கு 4 வீடுதான், பஸ் காலியாக ஓடும். நானே அப்படிப் பல தடங்களை வரைந்து, பிறகு என் கையாலேயே நிறுத்தியிருக்கிறேன். ஆனால் 4-ஐ 7 ஆக்க மாடி தேவையில்லை. கராஜுக்கு மேல் ஒரு சின்ன வீடு, மூலைமனையில் இரட்டை வீடு, அவ்வளவுதான். இதற்குத் தடையாக இருப்பது சட்டம். ஹூஸ்டன் 1998-ல் நகரின் உள்வட்டத்துக்குள் குறைந்தபட்ச மனையை 5,000 சதுர அடியில் இருந்து 1,400 ஆக்கியது, அங்கே வரிசை வீடுகள் குவிந்துவிட்டன. ஓரிகன் 2019-ல் 10,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் இரட்டை வீட்டைத் தடுக்கக்கூடாது என்றது. கட்டாயக் கார் நிறுத்துமிட விதியை பஃபலோ 2017-ல் எடுத்துவிட்டது. இவையெல்லாம் எண்ணெய் தீர்ந்ததால் நடந்தவை இல்லை. வாடகை ஏறியதால் நடந்தவை.

1973-ல் நெதர்லாந்தும் அதே எண்ணெய்த் தடையில் மாட்டியது. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடக்கூடாது என்றார்கள், நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சக்கரச் சறுக்கு விட்டார்கள். அங்கே சாலை விபத்தில் குழந்தைகள் சாவதற்கு எதிரான இயக்கம் ஏற்கனவே சூடாக இருந்தது. இரண்டும் சேர்ந்து சைக்கிள் பாதைகளாக மாறின. அதே தடையில் இருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது மைலேஜ் விதி: 1975-ல் சட்டம், 1985-க்குள் கார்கள் சராசரியாகக் கேலனுக்கு 27.5 மைல் தரவேண்டும் என்ற இலக்கு. நல்ல விதிதான். ஆனால் பிக்கப் வகைகளுக்குத் தளர்வு கொடுத்ததால் பிறகு எல்லோரும் பிக்கப்பிலும் பெரிய வண்டியிலும் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் வண்டியைத் திருத்தினோம், அவர்கள் தெருவைத் திருத்தினார்கள். என் வேலைக்காலம் முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே கழிந்தது.

வேலியோரம் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. மூன்று வேலை செய்தேன்.

முதலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7:15-க்கு அந்த வீட்டு வாசலில் இருந்து அலுவலகத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். தரகரோடு ஞாயிற்றுக்கிழமை போனபோது 38 நிமிடம். அன்று ஒரு மணி பத்து நிமிடம். 570 டாலர் கணக்கில் இந்த அரைமணி இல்லை.

கணக்கர் சொன்னபடி சாலையை விசாரித்தேன். தெருக்கள் சங்கத்துடையவை. சேமிப்பு நிதி பற்றி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன், "அடுத்த கூட்டத்தில் பேசப்படும்" என்று பதில் வந்தது.

மூன்றாவது மதில். சங்கத்தின் செயலாளரைக் கேட்டால், மதில் எங்களுடையது இல்லை, கடை வளாகத்தினுடையது என்றார். வளாக மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர். "நடந்து நாலு பேர் வந்தால் எங்களுக்குக் கசக்குமா? ஆனால் மதிலைக் கேட்டதே ஊர்தான்" என்று வரைபடத்தை எடுத்துக் காட்டினார். வணிக மண்டலம் குடியிருப்பு மண்டலத்தைத் தொடும் இடத்தில் 6 அடி உயரக் கல்மதில், இடைவெளி இல்லாமல். விதியில் அப்படியே இருக்கிறது.

பழைய பேருந்து எழுதியது:

"இடைவெளி இல்லாமல்." அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். 1980-களில் வேறொரு ஊருக்குக் கிட்டத்தட்ட இதே வரியை நான்தான் எழுதிக்கொடுத்தேன். சரக்கு லாரியின் சத்தமும் விளக்கு வெளிச்சமும் படுக்கையறைக்கு வரக்கூடாது என்பதுதான் எண்ணம், அதில் தப்பில்லை. அந்த அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது நடந்து போக நினைப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

விதிவிலக்கு மனு கொடுக்கலாம். வளாகத்துக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது, மதில் அவருடையது என்பதால் மனு அவர் பெயரில் போகவேண்டும். சங்கத்தின் கடிதமும் ஒன்று வேண்டும், அதுதான் இழுக்கும். திருட்டுப் பயம் என்று கட்டாயம் ஒருவர் எழுந்து பேசுவார், இரவில் பூட்டிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வீட்டை வாங்குவதற்கு முன்பே வளாகத்துக்காரர் மனு போடலாம். தனிமடலில் வாருங்கள், மனுவை நான் எழுதித்தருகிறேன். எனக்கு அந்தக் கடன் இருக்கிறது.

வேலியோரம் எழுதியது:

வருகிறேன் ஐயா. வீட்டை இன்னும் முடிவு செய்யவில்லை. 11 மைலில் 1950-களில் கட்டிய ஒரு சின்ன வீட்டையும் பார்த்து வைத்திருக்கிறோம். கராஜில் ஒரு காருக்குத்தான் இடம், தெரு நேர். மகளுக்கு முட்டுச்சந்து வீடுதான் பிடித்திருக்கிறது, மாடி ஜன்னலுக்காக. விற்பவர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எந்த வீடு என்றாலும் மனுவைப் போடச் சொல்லி வளாகத்துக்காரரிடம் பேசிவிட்டேன்.

சும்மா வந்தவன் எழுதியது:

தள்ளுபடி ஆனால் சொல்லுங்கள், என்னிடம் ஏணி இருக்கிறது.

நடைராணி எழுதியது:

மனுவில் கதவின் அகலம் 36 அங்குலத்துக்குக் குறையாமல் கேளுங்கள், படியும் வைக்கக்கூடாது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகவேண்டும். இதைப் பிறகு கேட்டால் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.